எலுமிச்சை பிழிந்த கட்டன்: கேள்விகளும் பதில்களும்

பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். கட்டன் சாயாவில், அதாவது பால் சேர்க்காத டீயில், எலுமிச்சை பிழிந்து குடியுங்கள் என்று ஒரு வரி சொல்லப்போக, கேள்விகள் வரிசை கட்டிவிட்டன.

மூணாறு, கொழுந்து பறிக்கும் தங்கை: எலுமிச்சை விட்டதும் டீ வெளுத்துப்போகிறதே அண்ணா, சத்தும் போய்விடுமா?

இல்லம்மா. அந்தச் சிவப்புக்குப் பெரிதும் காரணம் தியாரூபிஜின் என்ற பொருள். புளிப்பு பட்டால் அதன் நிறம்தான் மங்கும், பொருள் கிளாஸிலேயேதான் இருக்கிறது.

குமுளி, மளிகைக் கடைக்காரர்: கிரீன் டீயோடு வைட்டமின் சி சேர்ந்தால் என்னதான் நடக்கிறது சார்?

காலையில் போட்ட கிரீன் டீயைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்து மத்தியானம் திறந்து பாருங்கள், பழுப்பாகியிருக்கும். அதிலுள்ள கேட்டசின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து கெடுவதன் அடையாளம் அது. புளிப்பில் அவை தாங்கும். புளிப்பு குறையக் குறைய வேகமாகச் சிதையும். வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால் அங்கே புளிப்பு இல்லை, சிதைவு அங்கேதான் அதிகம். வைட்டமின் சி முந்திக்கொண்டு ஆக்சிஜனிடம் தன்னைக் கொடுத்து, கேட்டசினைக் காப்பாற்றுகிறது. 2007இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் செரிமானத்தை ஆய்வகத்திலேயே நடத்திப் பார்த்தார்கள். வெறும் டீயில் கேட்டசின் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியது, எலுமிச்சைச் சாறு சேர்த்ததில் சுமார் 80 சதவீதம். கண்ணாடிக் குழாயில் நடந்த செரிமானம் அது, நம் வயிறு அல்ல. அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கம்பத்திலிருந்து ஜீப்பில் தோட்ட வேலைக்கு வந்துபோகும் தம்பி: வைட்டமின் ஈ மாத்திரையை வெட்டி டீயில் ஊற்றலாமா?

எண்ணெய் மேலே மிதக்கும், டீ பாழாகும். உடம்புக்குள் செல்களின் கொழுப்புப் படலத்தில் ஈ இருந்து வேலை செய்து களைத்ததும், வைட்டமின் சி அதை மீட்டுக் கொடுக்கும். அதற்கு இரண்டும் ஒரே கிளாஸில் இருக்கவேண்டியதில்லை.

பாலக்காடு, கல்லூரி மாணவி: பிராஜெக்டுக்கு டிபிபிஹெச் சோதனை செய்தேன், ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனால் கெடுவதைத் தடுக்கும் பொருள்) பட்டால் ஊதா மங்கும் ரசாயனம் அது. எலுமிச்சை சேர்த்த டீச்சாற்றில் ஊதா உடனே மஞ்சளாகிவிட்டது. கூட்டுவிளைவு என்று எழுதலாமா சார்?

அவசரப்படாதே கண்ணு. வைட்டமின் சி தானே ஓர் ஆன்டிஆக்சிடன்ட். டீயே இல்லாமல் எலுமிச்சையை மட்டும் விட்டாலும் ஊதா மங்கும். டீ தனியாக, சாறு தனியாக, இரண்டும் சேர்ந்து என்று மூன்று குழாய் வை. சேர்ந்ததிலும் அதே அளவு டீ, அதே அளவு சாறு. தனித்தனி மதிப்புகளைக் கூட்டினால் வருவதைவிடச் சேர்ந்தது அதிகம் காட்டினால்தான் கூட்டுவிளைவு. கூட்டுத்தொகையே வந்தால் இரண்டு பேர் தனித்தனியே வேலை செய்தார்கள், அவ்வளவுதான். மூன்றிலும் ஊதா முழுக்கப் போய்விட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது, நீர்க்கவைத்துத் திரும்பச் செய். இன்னொன்று: வைட்டமின் சி கண் இமைப்பதற்குள் வினைபுரியும், தேயிலைப் பொருள்கள் நிதானமாக வரும். ஐந்தாம் நிமிடமே அளந்தால் டீக்கு அநியாயம். அரை மணி நேரம் இருட்டில் வைத்து 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அள. நானும் ஆரம்பத்தில் ஜன்னலோரம் வைத்து ஒரு நாள் அளவு முழுவதையும் கெடுத்தவன்தான்.

வண்டிப்பெரியாறு, லயத்திலிருந்து ஓர் அம்மா: மகள் மாசமாக இருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாள்.

வேண்டாம்மா. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது போகட்டும். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு கொடுங்கள், வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றிவிடும். மாசமாக இருக்கையில் கிரீன் டீ நிறையக் குடிப்பதும் வேண்டாம், ஃபோலிக் அமிலம் சேர்வதை அது குறைக்கும். மீதியை டாக்டரிடம் கேளுங்கள்.

தேவிகுளம், டீக்கடைக்காரர்: பால் டீயில் எலுமிச்சை பிழியலாமா அண்ணாச்சி?

திரியும். அடுத்த கேள்வி.

அவரே மறுபடியும்: சரி, கட்டனில் எலுமிச்சையையும் சேர்த்துக் கொதிக்கவிடுகிறேனே?

கொதியில் வைட்டமின் சி கொஞ்சம் கொஞ்சமாக அழியும். வடிகட்டி கிளாஸில் ஊற்றிவிட்டு, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிழியுங்கள். கசக்காமலும் இருக்கும்.