வயிற்றுப் பிள்ளையின் மூளை: வாசகியர் கேள்விகள்

கேள்வி: இது எனக்கு 21-வது வாரம். 15-வது வாரத்தில் டிங்கி வந்து நான்கு நாள் காய்ச்சல், 39 பாகை வரை ஏறியது. போன மாதம் ஆட்குறைப்பில் கணவருக்கு வேலை போய்விட்டது. இரவில் தூக்கமில்லை. “நீ அழுதால் பிள்ளைக்கு மூளை மந்தமாகும்” என்கிறார் மாமியார். உண்மையா? – வாசகி, செந்தூல்

பதில்: முதலில் காய்ச்சல். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. கடுஞ்சூடு அதைக் கெடுப்பது அந்த நாட்களில்தான். 15-வது வாரத்தில் நரம்பணுக்கள் உருவாகி மூளையின் புறணிக்கு நகர்ந்துகொண்டிருக்கும். தாயின் உடல் கிருமியோடு போராடும்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் அதில் குறுக்கிடலாம். ஆனால் கவலைப்பட வேண்டியது கடுமையான, நீண்ட தொற்றுக்கே. உங்களைப் போல் காய்ச்சல் கண்டு தேறியவர்களில் பெரும்பாலோர் நலமான பிள்ளையைத்தான் பெறுகிறார்கள். 18–22 வார ஸ்கேனில் தலையளவையும் மூளை அறைகளையும் அளப்பார்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். டிங்கி வந்ததையும் கிளினிக் புத்தகத்தில் மிஸ்ஸியை (தாதியை) எழுதச் சொல்லுங்கள்.

மறுபடி காய்ச்சல் வந்தால் போர்த்திப் படுத்து வேர்க்க வைக்காதீர்கள். 500 மில்லிகிராம் பனடோல் (பாராசிட்டமால்) இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. ஃபுளு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் எண்ணுங்கள். புரூஃபென் (ஐபுபுரோஃபென்) வேண்டவே வேண்டாம்: டிங்கியில் இரத்தக் கசிவைக் கூட்டும், 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையும் குறைக்கும்.

அழுகைக்கு வருவோம். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் கார்ட்டிசோல். தாயின் கார்ட்டிசோலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். ஒரு நாள் அழுகை அந்தக் காவலைத் தாண்டாது. மாதக்கணக்கில் நீளும் நெருக்கடியில்தான் காவல் தளரலாம். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிப்புயலால் வாரக்கணக்கில் மின்சாரம் போனது. அப்போது கருவுற்றிருந்தவர்களின் குழந்தைகளை இரண்டு வயதில் சோதித்தார்கள். தாய் பட்ட கஷ்டம் கூடக்கூட மொழி, அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியில் குறைந்தது. இந்தக் குறைவோடு தொடர்பு காட்டியது தாய் எவ்வளவு பயந்தார் என்பது அல்ல. எத்தனை நாள் இருட்டில் இருந்தார் போன்ற நேரடிக் கஷ்டங்களே.

ஆகவே, மாமியாரம்மா, “அழாதே” என்பது மருந்தாகாது, சுமையைக் குறையுங்கள். கணவர் சொக்சோ (மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்குச் சந்தா கட்டியிருந்தால், வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாள் ஓடுகிறது. தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

கேள்வி: ஏழு மாதம். ஹீமோகுளோபின் 9.6. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. இது குழந்தையின் மூளையைத் தொடுமா? – வாசகி, செராஸ்

பதில்: தொடலாம். குழந்தை தன் இரும்பைச் சேர்த்துவைப்பது கடைசி மூன்று மாதத்தில். நினைவுப் பகுதிக்கும் நரம்புறைக்கும் அது வேண்டும். மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? தே தாரிக் என்றால் அங்கேதான் கோளாறு. தேநீருக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், பாலுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொய்யாவோ ஆரஞ்சோ கூடச் சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுத்துப் போவது மாத்திரையால், அதற்காக நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறாவிட்டால் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), தலசீமியா (பரம்பரை இரத்தசோகை) பரிசோதனைகளைக் கேட்டு எடுங்கள்.