அவளிடம் பழைய ஈடுபாடு எங்கே போனது?

மேடம், வணக்கம்.

எனக்கு 38 வயது, மனைவிக்கு 34. பெங்களூரில் இருவருக்கும் ஐ.டி. வேலை. எங்களுடையது டாமினன்ட் - சப்மிஸிவ் உறவு. அதாவது இருவரும் சம்மதித்து, நான் கட்டளையிட, அவள் பணிந்து நடப்பது. இதை நோய் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் அவள்தான் முதலில் பேச்செடுத்தாள். எது சரி, எது கூடாது என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறோம்.

இப்போது சொன்னதைச் செய்கிறாள், ஆனால் முகத்தில் உயிரே இல்லை. எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'. என்ன உடுத்துவது, எப்போது தூங்குவது, அவள் சம்பளக் கார்டு வரை எல்லாப் பொறுப்பும் என் தலையில். ஒரு நன்றி கிடையாது. அக்காவோடு மட்டும் மணிக்கணக்கில் பேச்சு. நான் வந்தால் போனை வைத்துவிடுகிறாள்.

நான் கொடுமைக்காரன் இல்லை மேடம். எங்களுக்குள் சேஃப் வேர்ட், அதாவது சொன்னதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டிய சொல், உண்டு: 'இஞ்சி'. போன தீபாவளி சமயம் ஒருமுறை சொன்னாள், உடனே நிறுத்தினேன். அற்ப விஷயத்துக்குச் சொல்லிவிட்டாளே என்று நாலைந்து நாள் அவளிடம் நான் பேசவில்லை, அது வேறு. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் எடுத்ததே இல்லை. அவ்வளவு நம்பிக்கை! அப்புறமும் ஏன் இந்த அலட்சியம்? இவ்வளவு செய்தும் ஒரு நன்றி இல்லையே. ஒருவேளை வேறு யாராவது...? அவளைப் பழையபடி ஆக்குவது எப்படி?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நோய் என்று நான் சொல்லப்போவதில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, இருவர் மனமொப்பி நடத்தும் இத்தகைய உறவைக் கோளாறுகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. சம்மதிக்காதவரைத் துன்புறுத்தி இன்பம் காண்பதை அதே வரிசையில் விட்டுவைத்திருக்கிறது. உங்கள் மனைவி தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னாரே, நம் வீடுகளில் அது லேசான காரியமில்லை.

அக்கா, நன்றி, அலட்சியம் எல்லாம் இருக்கட்டும். 'அது வேறு' என்று தாண்டிப் போனீர்களே, அங்கே வாருங்கள்.

அவர் 'இஞ்சி' என்றார், நிறுத்தினீர்கள். நிறுத்தியதற்கான விலையை நாலைந்து நாள் மௌனத்தில் வசூலித்தும்விட்டீர்கள். காரணம் கேட்காமல் நிற்பதற்குத்தானே அந்தச் சொல்? அற்பமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல உங்களை யார் அமர்த்தியது? பேச்சை நிறுத்துவது கடுமையான தண்டனை. கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்ததா?

பிறகு அவர் அதைச் சொல்லாததை நம்பிக்கை என்கிறீர்கள். நான் அதில் பயத்தைப் பார்க்கிறேன். இந்த உறவுமுறையில் பழகியவர்கள், தேவையே இல்லாதபோதும் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கும்படி புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது என்று மனதில் பதியத்தான். உங்கள் மனைவிக்குச் சொன்னால் கெட்டுப்போகும் என்று பதிந்திருக்கிறது. இப்போது வரும் 'உங்க இஷ்டம்' உங்கள் காதில் சம்மதமாகவா விழுகிறது? உங்கள் அதிகாரம் அவர் கொடுத்தது. எந்த நிமிடமும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால்தான் அது கொடுத்ததாகும். முடியாவிட்டால் நீங்கள் எடுத்துக்கொண்டது.

உங்களுக்கு வருத்தமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதியில் நிறுத்தச் சொன்னால் மனம் சுருங்கத்தான் செய்யும். 'எனக்கு வருத்தமாக இருந்தது' என்று அன்றிரவே சொல்லியிருக்கலாம்.

சம்பளக் கார்டை இன்றே கொடுத்துவிடுங்கள், பின் நம்பரை அவரே மாற்றிக்கொள்ளட்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார ரீதியான கொடுமையையும் வன்முறையாகவே எண்ணுகிறது. உங்கள் ஒப்பந்தத் தாள் அங்கே செல்லாது.

அவரைப் பழையபடி ஆக்க என்னிடம் வழி கேட்காதீர்கள். எல்லா விதிகளையும் நிறுத்திவையுங்கள். அன்று பேசாமல் இருந்தது தவறு என்று, விளக்கம் எதுவும் ஒட்டாமல் அவரிடம் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து ஆலோசனைக்கு வருவது இப்போது வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் 'உங்க இஷ்டம்'தான் வரும். அவர் விரும்பினால், அவரே தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் தனியாகப் போகட்டும். நீங்கள் வேறொருவரைப் பாருங்கள்.

இந்த உறவுமுறையே வேண்டாம் என்றுகூட அவர் சொல்லலாம். அதைக் கேட்கத் தயாரான பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.