‘இன்டர்நேஷனல்’ பெயர், குறைந்த கட்டணம்: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கணவர் துபாயில், நீங்கள் கீழக்கரையில். பிள்ளையை எல்கேஜியில் எந்த இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர்ப்பலகையை விடுங்கள். இந்தப் பெயர் வைத்த பள்ளிகள் பலவும் நடத்துவது சிபிஎஸ்இதான். ஐபி, கேம்பிரிட்ஜ் என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் வேறு. சிபிஎஸ்இ என்றால், வாரியம் அந்தப் பள்ளிக்கு அங்கீகாரமாகக் கொடுத்த இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் சாரஸ் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இணைப்பு எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை என்று தெரியும். சறுக்குவது இங்கேதான்: பத்தாம் வகுப்பு நடத்த அனுமதி இல்லாத பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் உங்கள் பிள்ளையை வேறொரு பள்ளியின் பெயரில் பதிந்துவிடலாம். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துடும்” என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பின்னாளில் குடும்பம் துபாய் போகலாம் என்றால் சிபிஎஸ்இ தோது. அங்கேயும் அந்தப் பள்ளிகள் நிறைய. கேம்பிரிட்ஜில் பொதுத்தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனி.

டியூஷன் ஃபீஸை மட்டும்தான் முதலில் சொல்வார்கள். சேர்க்கை, புத்தகம், சீருடை, வேன் எல்லாம் சேர்த்து ஓராண்டுக் கணக்கை எழுதி வாங்குங்கள். ராமநாதபுரத்துப் பள்ளி என்றால் கீழக்கரையிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். வேன் ஊர் ஊராக நின்று போகும், எல்கேஜி பிள்ளைக்கு அது அதிகம். முதல் இரண்டு வருஷம் உள்ளூரிலேயே படிக்கட்டும்.