கேஸ் அடுப்பில் நாப் பக்கம் கசிவு: சூடு தாங்கும் கேஸ்கெட் எது? கடையில் கொடுத்த சிவப்பு சிலிகான் பேஸ்ட் போதுமா?

போதாது. தயவுசெய்து அந்த டியூபைத் திறக்காதீர்கள்.

உங்களுடையது கண்ணாடி மேல்தட்டுள்ள இரண்டு பர்னர் அடுப்பு, வீட்டுச் சிலிண்டர், நாப்புக்குக் கீழே வாசனை வருகிறது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். டியூபில் "300 டிகிரி" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் கேஸ் அடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது சூட்டை அல்ல, அந்தப் பொருளில் கேஸ் படுகிறதா என்பதை. ரெகுலேட்டரிலிருந்து ஜெட் (கேஸ் பீறிட்டு வரும் சிறு துளையுள்ள முனை) வரை கேஸ் அடைபட்டு நிற்கும் இணைப்புகள் எல்லாமே தீயிலிருந்து தள்ளி இருப்பவை. சாதாரணச் சமையலில் அங்கே கை சுடும் அளவுக்குத்தான் சூடு ஏறும். தீ எரியும் பர்னரிலோ கேஸ்கெட்டே (கசிவை அடைக்க இணைப்பில் வைக்கும் வாஷர்) கிடையாது.

சிலிகான் சூட்டைத் தாங்கும். எல்பிஜியைத் தடுத்து நிறுத்தாது. அந்த கேஸில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் சிலிகானுக்குள் ஊடுருவும், அது ஊதும், பிடி விடும். சாதாரண ரப்பரும் அப்படித்தான். "எங்கள் வீட்டில் பத்து வருஷமாக சைக்கிள் டியூபை வெட்டித்தான் வாஷர் போடுகிறோம்" என்று எழுத வருபவர்கள், அந்த வாஷரை ஒருமுறை கழற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்திருக்கும், இல்லையென்றால் கொழகொழத்திருக்கும்.

இந்த இணைப்புகளுக்கு ஏற்றது நைட்ரைல் ரப்பர். சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும், எல்பிஜியில் பெரிதாக ஊதாது. தட்டையான இரண்டு உலோக முகங்கள் சேரும் இடத்தில் 1 முதல் 1.5 மி.மீ. கனமுள்ள, அஸ்பெஸ்டாஸ் கலக்காத அழுத்திய நார்த்தகட்டு வாஷரும் சரி. கடையில் டப்பாவில் கொட்டிக் கிடக்கும் கறுப்பு வாஷர்களைப் பார்த்து எது நைட்ரைல் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டாக வாங்குங்கள். ஒன்றை டீசலில் ஓர் இரவு ஊறப்போட்டு, மற்றதன் மேல் வைத்துப் பாருங்கள். சாதாரண ரப்பர் கண்ணுக்குத் தெரியும்படி பெருத்திருக்கும். நைட்ரைல் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். ஊறியதை எறிந்துவிடுங்கள்.

வாஷர் வாங்குவதற்கு முன் கசிவு எங்கே என்று பாருங்கள். ஜன்னலைத் திற, சுவிட்ச் எதையும் தொடாதே என்பது தெரிந்ததுதான். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கீழே கதவையும் திறந்து வையுங்கள். வாசனை போன பிறகு ரெகுலேட்டரை மட்டும் திறந்து, நாப் எல்லாம் மூடிய நிலையில், சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். தீக்குச்சி கூடாது. வீட்டு ரெகுலேட்டர் விடும் அழுத்தம் 30 மில்லிபார் அளவுதான். குமிழி மெதுவாகத்தான் வரும், ஒரு நிமிடம் காத்திருங்கள்.

நாப் திருப்பும் வால்வும் (இதைத்தான் காக் என்பார்கள்) குழாயும் சேரும் இடத்தில் குமிழி வந்தால் வாஷரை மாற்றலாம். நாப் தண்டைச் சுற்றி வந்தால் எந்த கேஸ்கெட்டும் உதவாது. பல அடுப்புகளில் காக்குக்குள் கூம்பு வடிவப் பித்தளைச் செருகு இருக்கும், அதன் கிரீஸ் காய்ந்திருக்கிறது. சிலிண்டரை மூடி, தண்டுத் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி, செருகை உருவி, பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, கேஸ் காக்குக்கென்றே விற்கும் கிரீஸை ஓட்டை அடைபடாமல் மெல்லப் பூசுங்கள். வண்டி பேரிங் கிரீஸ் சூட்டில் வழிந்துவிடும். இரண்டு காக்குகளையும் ஒன்றாகக் கழற்றி செருகுகளை மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அதன் உடலோடு தேய்த்துப் பொருத்தப்பட்டது. பித்தளையில் கீறல் இருந்தால் காக் முழுவதையுமே மாற்ற வேண்டும்.

டெஃப்ளான் டேப் மரைக்கு மட்டும். வாஷர் உட்காரும் இணைப்பில் சுற்றினால் வாஷர் சரியாக உட்காராது. மரை முனையைப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த நூல் உள்ளே போனால் 1 மி.மீ.கூட இல்லாத ஜெட் ஓட்டை அடைபடும். 260 டிகிரிக்கு மேல் டெஃப்ளான் கெடும், புகை நஞ்சு. பர்னர் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஜெட் முனைக்கும், கேஸும் காற்றும் கலக்கும் மிக்சிங் டியூபுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எதை வைத்தும் அடைக்காதீர்கள். எரிவதற்கான காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே தீ பிடித்தால் பர்னர் துளைகள் அடைபட்டிருக்கின்றன, அல்லது பர்னர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அடைத்தால் தீ மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வரும்.

சிலிகானுக்கு இந்த அடுப்பில் ஒரே ஒரு வேலை உண்டு: கண்ணாடியை உலோகச் சட்டத்தோடு ஒட்டுவது. வினிகர் வாடை வரும் வகை உலோகத்தை அரிக்கும், நியூட்ரல் வகை கேளுங்கள். 3 மி.மீ.க்கு மேல் கனமாகப் போடாமல் ஒரு முழுநாள் காயவிடுங்கள்.

ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடத்தில் கசிந்தால் அது வால்வுக்குள் இருக்கும் ஓ-ரிங். அதை நீங்கள் நோண்ட வேண்டாம். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள், அவசரத்துக்கு 1906. "மெக்கானிக்கை விட்டுவிட்டு வீட்டில் செய்யச் சொல்கிறாயே" என்பவர்களுக்கும் இதுதான் பதில்: வாஷர், கிரீஸ் தாண்டி எதையும் நான் செய்யச் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் கதை வேறு. அங்கே பர்னர் மரைப் பக்கம் உண்மையிலேயே பழுக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும், அதனால் ஈய வாஷர் டேங்க் பக்கத்துக்கு மட்டும். பர்னருக்குச் செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கிப் போடலாம். பழைய அஸ்பெஸ்டாஸ் வாஷர் ஒட்டியிருந்தால் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்து எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது.

இதையெல்லாம் எழுத வேண்டியிருப்பதே எரிச்சலாக இருக்கிறது. சில ரூபாய் வாஷரைத் தனியாக விற்காமல் காக் முழுவதையும் தலையில் கட்டுகிறார்கள். பாக்கெட்டில் "ஹீட் ப்ரூஃப்" என்று இருக்கும். என்ன ரப்பர், எந்த அளவு என்று ஒரு வரி இருக்காது. வீட்டில் சமைப்பவர் எதை நம்பி வாங்குவது?

இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று குழாயைப் பிடிக்க. இல்லையென்றால் மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும். கையால் முடிந்தவரை திருகி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கி உள்வழியை மறைக்கும். சோப்புத் தண்ணீர் சோதனையை உடனே ஒருமுறை செய்யுங்கள். பிறகு பெரிய பாத்திரம் வைத்து அரை மணி நேரம் எரித்து, நாப்பை மூடி, அடுப்பு ஆறியதும் மறுபடி செய்யுங்கள். சூடு பட்டபின் வாஷர் கொஞ்சம் அமுங்கும், கசிவு பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.