சோபே ஆற்றில் ஸ்கிம்மர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் போட்ஸ்வானா போகிறேன். கசானேயில் தங்கி, சோபே ஆற்றில் காலைப் படகுக்குப் பணம் கட்டிவிட்டேன். 500 மி.மீ. லென்ஸ் கையில் இருக்கிறது. ஸ்கிம்மர் பறவை அலகால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் படம் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. படகோட்டியைப் பின்னாலேயே விரட்டிப் போகச் சொல்லலாமா? மணல்திட்டில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நெருங்கலாம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

விரட்டச் சொல்லாதீர்கள். பறவைக்குத் தொந்தரவு என்பது ஒருபுறம் இருக்க, படமும் தேறாது. பின்னால் போகிறவருக்கு முதுகும் வாலும்தான் அகப்படும்.

ஸ்கிம்மர், ஆலா (டெர்ன்) எனப்படும் நீர்ப்பறவைகளின் உறவு. கீழலகு மேலலகைவிட நீளமானது. வாயைத் திறந்து கீழலகை மட்டும் நீரில் அமிழ்த்தியபடி நேர்கோட்டில் பறக்கும். மீன் தட்டுப்பட்டதும் தலை சட்டென்று கீழே மடங்கும், அலகு மூடிக்கொள்ளும். தொட்டுப் பிடிப்பதால் அரையிருட்டிலும் இரவிலும்கூட அதனால் மேய முடிகிறது. ஆனால் தண்ணீரில் அலை இருக்கக் கூடாது. காற்று எழும்பாத விடியற்காலை நமக்கு நல்ல வெளிச்சம் என்றால், அதற்குச் சாப்பாட்டு வேளை.

இந்தப் பறவையிடம் படம் எடுப்பவருக்கு வாய்ப்பான ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் கோடு கிழித்துப் போனால், பெரும்பாலும் திரும்பி அதே கோட்டிலேயே வரும். முதல் தடவை கேமராவை எடுக்காமல் அது போகும் தடத்தை மட்டும் பாருங்கள். சோபே அங்கே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. செப்டம்பரில் சூரியனும் ஏறக்குறைய நேர்கிழக்கில் எழும். ஆகவே படகைத் தடத்தின் கிழக்கு முனைக்குச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும். ஓட்டத்தோடு வரும் பறவையின் முகம், அந்தச் செம்மஞ்சள் அலகு, வெள்ளை வயிறு எல்லாவற்றிலும் ஒளி படும்.

ஷட்டர் வேகம் 1/2500 வினாடிக்குக் கீழே போக வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி தெரிகிற படத்தைச் சரிசெய்துகொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கரிய முதுகும் இருண்ட தண்ணீரும் சேர்ந்து கேமராவை ஏமாற்றும், வயிறு வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியளவை, அரை ஸ்டாப்புக்கு மேல் குறைத்து வையுங்கள்.

இனி மணல்திட்டு. உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். நீர் வற்றித் திட்டுகள் வெளிப்படும் மாதங்கள்தான் ஸ்கிம்மர்களுக்கு முட்டையிடும் காலம். செப்டம்பர் அதற்குள் வருகிறது. கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. மணலைக் குழித்து, மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். வெயில் ஏறினால் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் நெருங்கி அதை எழுப்பிவிட்டால் முட்டை சுடுமணலில் கிடந்து வேகும். படகின் அலை அடித்தாலும் கூடு போய்விடும், அவ்வளவு தாழ்வான திட்டுகள் அவை. அடைகாக்கும் பறவை எழுந்து நின்றாலே, அளவுக்கு மீறி வந்துவிட்டோம் என்று அறிந்து பின்வாங்குங்கள். திட்டில் இறங்கவே கூடாது. படகோட்டி தானாக முன்வந்து நெருங்கினாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பணம் கொடுத்தவர் சொன்னால் கேட்பார்கள்.

விரட்டுவதைப் போலவே, இரை காட்டி வரவழைப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. கென்யாவின் நைவாஷா ஏரியில் மீனை வீசியெறிந்து மீன் கழுகை வரவழைத்துப் படமெடுக்க வைப்பார்கள். அந்தப் படங்களில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. எந்தக் கழுகு எப்போது எங்கே பாயும் என்பதை நாம் முன்பே முடிவுசெய்துவிட்ட பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

புறப்பட இன்னும் நாள் இருக்கிறதல்லவா? காவிரியில் ஆற்று ஆலா பறக்கிற இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூரியன் எழும்போது அங்கே போய், தாழப் பறக்கும் பறவையோடு லென்ஸைத் திருப்பிப் பழகுங்கள். கரும்தொப்பி, வெளிர் உடல், மின்னும் தண்ணீர் என்று எக்ஸ்போஷர் சிக்கல் அங்கேயும் உண்டு. கசானே போனபின் கேமராவோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.