நட்சத்திரம் கட்டாத வருடம்

தங்கச்சி, நீ எழுதியிருந்தாய்: ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார், விசா தேதி போய்விடும் என்று 41ஆம் நாள் பூசைக்குக்கூட நிற்காமல் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்துவிட்டேன், துக்க வீடு என்பதால் ஊரில் எங்கள் வீட்டில் இந்த வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை, ஆனால் இங்கே ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் காகிதக் கிரீடம் வைத்துப் பாடியபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன், அப்பாவுக்குத் துரோகம் செய்கிறேனா என்று.

இல்லை. துரோகமே இல்லை. சிரித்ததும் நீதான், அழுததும் நீதான்.

நான் குளச்சல் பக்கத்துக்காரி. 2002இல் இங்கே நர்ஸாக வந்தேன். 2004 கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. போன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசினேன், அண்ணன் மகன், ஆறு வயது, புதுச் சட்டையில் பொத்தான் தங்க நிறம் என்று மூன்று தடவை சொன்னான். அன்று இரவு எனக்கு நைட் டூட்டி. காலையில் நோயாளிகளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது டிவியில் கடல் ஊருக்குள் வருவதைக் காட்டினார்கள். அந்தச் சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள், அதில் எங்கள் அண்ணியும் அந்தப் பையனும். குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் அடக்கம் செய்ததால் தனிக் கல்லறை என்று ஒன்று இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் டிசம்பர் வந்தாலே திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். 2006இல் 26ஆம் தேதி காலைப் பூசைக்கு ஏனோ போனேன். குடில் முந்தின நாள் வைத்தபடியே இருக்கிறது, வைக்கோல், ஆட்டுக்குட்டி, பாலன் இயேசு எல்லாம் அப்படியே. சாமியார் மட்டும் வெள்ளையை மாற்றி, விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களுக்கு உரிய சிவப்பு உடையில் வந்தார். அன்று முடியப்பர் (புனித ஸ்டீபன்) திருநாள், கல்லெறிந்து கொல்லப்பட்டவர். 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள், பாலனைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா கொன்ற பிள்ளைகளுக்கு. சின்ன வயதிலிருந்து தெரிந்த நாட்காட்டிதான், ஆனால் பாலன் பிறந்த மூன்றாம் நாளே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரையும் நினைக்கச் சொல்கிறார்கள், அதுவரை குடிலை எடுத்துவைக்கச் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தங்கப் பொத்தானை நினைத்து அங்கேயே அழுதேன். வெளியே வந்து கூட வந்த மலையாளி அக்கா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஊரில் துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பலகாரம் இல்லாமல் இருக்கமாட்டார்கள், தெரியும்தானே. அக்கம்பக்கத்தில் இருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தூக்குவாளியில் வந்துவிடும். அழுது முடித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அந்த வழக்கம் இல்லை, நம் வீடு துக்க வீடு என்று பார்த்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் நீதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வார்டில் ஒருத்தரிடமாவது சொல், அப்பா இறந்து இது முதல் கிறிஸ்துமஸ், நடுவில் எழுந்து போனால் கண்டுகொள்ளாதீர்கள் என்று. இந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதை நான் முதலில் கல்மனசு என்று நினைத்தேன். நம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான்.

25ஆம் தேதி ரயில் ஓடாது, பஸ்ஸும் பெரும்பாலும் இருக்காது, பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டூட்டி இல்லையென்றால் அன்றைக்கு எங்கே இருப்பாய் என்று இப்போதே முடிவு செய். தனியாக அறையில் மட்டும் இருக்காதே, முதல் வருடம் வேண்டாம். ஊர் நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது உனக்கு 24 மாலை 6.30. அம்மாவிடம் போனைக் கோவிலுக்கு எடுத்துப்போகச் சொல், இரண்டு பேரும் சேர்ந்து பூசை பாருங்கள். டிசம்பர் 21 நீண்ட இரவை ஒட்டிச் சில சர்ச்சுகளில் 'புளூ கிறிஸ்துமஸ்' என்று துக்கத்தில் இருப்பவர்களுக்காகவே ஒரு வழிபாடு வைப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரி சேப்ளன், அதாவது ஆறுதல் சொல்ல அங்கே இருப்பவர், நோயாளிகளுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். நடு ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் மனம்விட்டுப் பேச உதவும் சமாரிட்டன்ஸ் போன் எண் 116 123, இலவசம், கிறிஸ்துமஸ் அன்றும் எடுப்பார்கள்.

நட்சத்திரம் கட்டாதே, அது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை, அதை விடவேண்டாம். வார்டில் பாடக் கூப்பிட்டால் பாடு.

அப்புறம், உன் விலாசத்தை எனக்குத் தனியாக அனுப்பு. இந்த வாரம் சிறுபயறு வறுத்துப் பொடித்து வெல்லப்பாகு ஊற்றி முந்திரிக்கொத்து செய்யப்போகிறேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் தபால் தாமதமாகும், சீக்கிரம் அனுப்பு. இந்த வருடம் உனக்குப் பலகாரம் என் வீட்டிலிருந்து.