பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? – கேள்வி பதில்

கப்பலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள் நான். பணியாளர்களின் குழந்தைப் பராமரிப்புச் செலவில் நிறுவனங்கள் எப்படிப் பங்கேற்கலாம் என்று இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் 64 பேர் வேலை செய்கிறார்கள். பெண்கள் 11 பேர் மட்டுமே. எங்களுக்கும் காப்பகம் கட்டாயமா? (உரிமையாளர், கே.புதூர்)

கட்டாயம்தான். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை மட்டும் எண்ணியது. முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் வேண்டும் என்றது. அதன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அடுத்திருந்த ஆலை ஒன்றில் முப்பதாவது பெயரோடு பெண்களுக்கான பதிவேடு நின்றுவிடும். முப்பத்தொன்றாவதாக வந்து நின்றவளிடம், அவளுக்குத் தொழில் எவ்வளவு தெரிந்திருந்தாலும், இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாய்க்காக எழுதிய விதியே தாயின் வேலையைப் பறித்தது. 2017 இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது ஆண், பெண் என்று பிரிக்காமல் 50 பணியாளர்கள் என்று கணக்கிட்டதை அதனால்தான் பெரிய மாற்றமாக நான் நினைக்கிறேன். 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஐம்பதையே வைத்திருக்கிறது.

நீங்கள் தனியாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்த அந்தத் தொகுப்பு இடம் தருகிறது. உங்கள் தொழிற்பேட்டையில் நான்கு பட்டறைக்காரர்கள் கூடினால் வாடகையும் ஆயாக்களின் சம்பளமும் நாலு பங்காகிவிடும். மத்திய அரசின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், காப்பகம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும், ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் வேண்டும் என்றும், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அறையை அளப்பதற்கு முன்னால் உங்கள் ஷிப்ட் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம் உதவாது.

காப்பகத்துக்குப் பதிலாகச் சம்பளத்தோடு மாதம் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தால் போதாதா? (கணக்கர், மேலூர்)

போதாது. சம்பளத்தோடு சேர்ந்த பணம் சம்பளமாகவே செலவாகிவிடும். மூன்றாம் மாதத்தில் அது குழுக் கடனுக்கோ வீட்டு வாடகைக்கோ போயிருக்கும். அதற்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. கொடுப்பதைக் காப்பகத்துக்கே நேராகச் செலுத்துங்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஷிப்ட் நேரத்தில் அந்தக் காப்பகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் மகள் அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை பார்க்கிறாள். அங்கே நிறுவனம் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தருவதாகச் சொல்கிறாள். உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணா நகர்)

உண்மைதான். மிச்சிகன் மாநிலம் 2021 இல் தொடங்கிய திட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்தை நிறுவனம், பணியாளர், அரசு மூவரும் சம பங்காக ஏற்கிறார்கள். நிறுவனம் தானாக முன்வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் பலவீனம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கைத் தெளிவாக வைத்தது நல்ல யோசனை. நம் ஊர்த் தொழில் சங்கங்கள் இதை எடுத்துப் பேசலாம்.

எங்கள் கடையில் 38 பேர்தான். எங்களுக்கும் பொருந்துமா? (மாசி வீதி)

சட்டப்படி பொருந்தாது. உங்கள் மனம் இருந்தால் பொருந்தும்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருக்கிறார்கள். பெற்ற பிள்ளையை ஆயாவிடம் விடும் பழக்கம் நமக்கு எதற்கு? (விசைத்தறி உரிமையாளர், செல்லூர்)

ஐயா, எங்கள் ஆலைக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண்களில் பலருடைய அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் பேரன் பார்த்தவள், தானே கூலிக்குப் போகிறவள், எப்படிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள்? அவள் இருந்தால் அவளுடைய கூலி போகிறது. அது உங்கள் கணக்கில் வராத செலவு.

மறுபடியும் செல்லூரிலிருந்து: பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாசம் காப்பகத்தில் கிடைக்குமா?

பாசத்தை நான் மறுக்கவில்லை. அந்தப் பாசத்தை நம்பி உங்கள் தறியின் செலவைக் குறைத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

இதே விவாதத்தில், ஒரு பெண் தொழிலாளி, அவனியாபுரம்: என் அம்மாதான் என் மகனைப் பார்த்துக்கொள்கிறார். இடுப்பு வலியோடு அவனைத் தூக்கிச் சுமக்கிறார். இதைக் கேள்வியாக எழுதவில்லை. அந்த ஐயாவுக்குச் சொல்லுங்கள்.

அவருக்காக அப்படியே வெளியிடுகிறேன்.

தாய்மார்கள் நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வந்தால் உற்பத்தி என்ன ஆகும்? (மேற்பார்வையாளர், திருமங்கலம்)

நான்கு முறை என்பது சட்டம் தந்த உரிமை. இடைவேளையும் அதில் அடக்கம். எங்கள் ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்பின்னிங்கில் நின்ற ஒரு பெண், மணி பத்தானதும் பக்கத்திலிருப்பவளிடம் கண்ணைக் காட்டுவாள். அவள் இரண்டு பேருடைய ஃபிரேமையும் பார்த்துக்கொள்வாள். இழை அறுந்தால் பிடித்து விடுவாள். இவள் வெளியே வந்து, முந்தானையில் ஒட்டிய பஞ்சை உதறி, தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டி, குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவாள். பால் கொடுத்துவிட்டுத் திரும்பக் கால் மணி நேரம் ஆகும். காப்பகம் வருவதற்கு முன்னால் அதே பெண் பால் கட்டி, மார்பு வலியோடு, ஈரமான ரவிக்கையை மறைத்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். உற்பத்தி எப்போது கெட்டிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களிடம் 47 பேர்... (வாடிப்பட்டி)

மாசி வீதி வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

காப்பகச் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டா? (சிலைமான்)

உங்கள் தணிக்கையாளரைக் கேளுங்கள். அது என் துறை இல்லை.

நான் நான்கு வீடுகளில் வேலை செய்கிறேன். எனக்கு யார் தருவார்கள்? (பீபிகுளம்)

உங்களுக்கு இந்த ஐம்பது பேர்க் கணக்கு எட்டாது, அம்மா. இது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத் திட்டம் ஒன்றை அரசு வைத்திருக்கிறது. உங்கள் பகுதிக்கு அது வந்திருக்கிறதா என்று குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். போவதற்கு முன்னால், நான்கு வீடுகளிலும் நீங்கள் வேலை பார்க்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கழித்தால் 50 வராது. (கப்பலூர்)

கழிக்காதீர்கள். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம் என்று யாராக இருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் காப்பகம் உண்டு என்று 2018 வழிகாட்டுதலில் எழுதியே இருக்கிறது. ஐம்பதைப் பற்றி இன்னும் ஆறு கடிதங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் மேலே இருக்கிறது.

எங்கள் நிறுவனம் காப்பகக் கட்டணத்தில் பாதியைத் தருகிறது. காப்பகம் மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. எங்கள் ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடிகிறது. மீதிப் பாதியையும் கேட்கலாமா? (தையல் பிரிவு, பெருங்குடி)

மீதிப் பாதியைப் பிறகு கேளுங்கள். முதலில் அந்த நான்கு மணி நேரத்தைக் கேளுங்கள். மாலையில் ஓர் ஆயாவும் ஓர் உதவியாளரும் கூடுதலாக இருக்க எவ்வளவு சம்பளம் ஆகும் என்று காப்பகத்தில் விசாரித்து, அந்தத் தொகையையே மனுவில் எழுதுங்கள். பிள்ளையுள்ள ஆண்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். காப்பகம் அவர்களுக்கும் உரியது. ஷிப்ட் பத்து மணிக்கு முடிந்தாலும் நிறுவன வண்டி பத்தரைக்குத்தான் கிளம்பும் என்றால், மனுவில் பத்தரை என்றே எழுதுங்கள்.